ஹிரோஷிமாவில் சுழன்ற முக்கோணம்

1950களின் இறுதியில் தொடங்கி 1970களின் முற்பகுதிவரை, உலகின் பெருநிறுவனங்கள் பலவும் ஒரே எந்திரத்தின் உரிமத்தை நாடிச் சென்றன. அமெரிக்காவின் கர்ட்டிஸ் ரைட், ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ், பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ், பிரான்சின் சித்ரோயென், ஜப்பானின் டொயோட்டா, நிஸான் ஆகியவை அவற்றுள் சில. 1970இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதற்கென ஐந்து கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. மேலும் கீழும் ஓடும் உந்துதண்டுகளின் காலம் முடிந்தது, இனி எந்திரத்துக்குள் எல்லாம் சுழலவே செய்யும் என்று பொறியியல் உலகம் உறுதியாக நம்பிய காலம் அது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அந்த வரிசையில் வந்தவர்களுள் மகிழுந்துக்கு இந்த எந்திரத்தைப் பெருமளவில் செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு நிறுவனம். அது பெருஞ்செல்வம் படைத்ததும் அன்று; தலைநகரில் இருந்ததும் அன்று. ஹிரோஷிமாவின் தோயோ கோக்யோ என்னும் அந்நிறுவனத்தின் வண்டிகளை உலகம் மாஸ்டா என்று அறியும்.

மாஸ்டாவின் புகழைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் விடாமுயற்சியை வியப்பர். அந்த வியப்பு தகும். ஆயினும் அந்த முயற்சி எதனோடு போராடியது என்பதை விளக்காமல் வியந்து நின்றுவிட்டால், அறிவியலின் பக்கம் இருண்டே கிடக்கும். சுழல் எந்திரத்தின் சிறப்பும் குறையும் தனித்தனி ஊற்றுகளிலிருந்து வந்தவை அல்ல. இரண்டும் ஒரே வடிவக்கணிதத்தின் பிள்ளைகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க முயன்ற அரை நூற்றாண்டு உழைப்பே மாஸ்டாவின் வரலாறு என்பது என் கருத்து.

அந்நிறுவனம் எந்திரத்தில் தொடங்கவில்லை. 1920 சனவரியில் தோயோ கார்க் கோக்யோ என்னும் பெயரில், மரப்பட்டையிலிருந்து தக்கைப் பொருள்கள் செய்யும் தொழிலகமாக அது ஹிரோஷிமாவில் எழுந்தது. அடுத்த ஆண்டில் தலைமை ஏற்ற ஜூஜிரோ மட்சுடா மெல்ல அதனைக் கருவிகள் செய்யும் துறைக்குத் திருப்பினார். 1927இல் பெயரிலிருந்து தக்கை நீங்கியது. 1931இல் மாஸ்டா-கோ என்னும் மூன்றுசக்கரச் சரக்கு வண்டி வெளிவந்தது. பழம்பாரசீகச் சமயத்தின் அறிவுக் கடவுளான அகுர மாஸ்தாவின் பெயரும் மட்சுடா என்னும் குடும்பப் பெயரும் அந்த வண்டியின் பெயரில் இணைந்தன. நிறுவனமே மாஸ்டா என்று பெயர் மாற்றிக்கொண்டது 1984இல்தான்.

1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டு விழுந்தது. தோயோ கோக்யோவின் தொழிற்சாலை குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் கிழக்கே, ஃபுச்சூ என்னும் ஊரில் இருந்தது. இடையில் ஹிஜியாமா என்னும் சிறு குன்று. அக்குன்று அதிர்ச்சி அலையின் வேகத்தைத் தடுத்ததால் தொழிற்சாலைக் கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. ஆனால் நகருக்குள் சென்றிருந்த தொழிலாளர் பலர் மாண்டனர். அழிந்துபோன நகரில் ஆட்சி நடத்த இடமில்லாத மாவட்ட நிர்வாகம் தொழிற்சாலையின் ஒரு பகுதியில் வந்து அமர்ந்து பல மாதங்கள் இயங்கியது. அந்த ஆண்டு திசம்பரிலேயே மூன்றுசக்கர வண்டிகள் மீண்டும் உருவாகத் தொடங்கின. இடிபாடுகளை அகற்றவும் பொருள்களை ஏற்றிச் செல்லவும் ஊருக்கு அவை தேவைப்பட்டன. ஹிரோஷிமா மக்களுக்கும் அந்நிறுவனத்துக்கும் உள்ள பிணைப்பு விளம்பரத்தால் வந்ததன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நான்குசக்கர மகிழுந்து செய்யத் துணிந்தது 1960இல். ஆர்360 என்னும் சிறு வண்டி அது. அப்போது ஜப்பானிய அரசின் வணிகத் தொழில் அமைச்சகம் வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தது. நாட்டின் பல மகிழுந்து நிறுவனங்களையும் சில பெருங்குழுக்களாக ஒன்றிணைத்துவிட்டால் அயல்நாட்டுப் போட்டியைத் தாங்கலாம் என்பது அதன் திட்டம். அப்படி நேர்ந்தால் ஹிரோஷிமாவின் சிறு நிறுவனம் இன்னொன்றின் வயிற்றுக்குள் போய்விடும். பிறரிடம் இல்லாத ஒரு நுட்பம் தன்னிடம் இருந்தாலன்றித் தனித்து வாழ வழியில்லை என்று அப்போதைய தலைவர் சுனெஜி மட்சுடா உணர்ந்தார். ஜெர்மனியின் நெக்கர்சுல்ம் நகரில் உள்ள என்எஸ்யூ நிறுவனத்தோடு அவர் செய்த உடன்பாட்டுக்கு 1961இல் ஜப்பானிய அரசின் இசைவு கிடைத்தது. ஃபெலிக்ஸ் வாங்கெல் கருதி வடித்த சுழல் எந்திரம் இப்படித்தான் ஹிரோஷிமாவுக்கு வந்து சேர்ந்தது.

வாங்கெல் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர். வளிகளைக் கசியாமல் அடைப்பது எப்படி என்பதையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். அவருடைய முதல் எந்திரம் 1957 பிப்ரவரியில் இயங்கியது. அதில் உட்சுழலியும் வெளியுறையும் இரண்டுமே சுழன்றன. உறையை அசையாமல் நிறுத்திச் சுழலியை மட்டும் சுழலவிடும் எளிய வடிவத்தை என்எஸ்யூவின் பொறியாளர் ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே உருவாக்கினார். இன்று உலகம் வாங்கெல் எந்திரம் என்று அறிவது இந்த இரண்டாம் வடிவத்தையே.

அதன் இயக்கத்தை இனிக் காண்போம். வழக்கமான எந்திரத்தில் பிஸ்டன் எனப்படும் உந்துதண்டு உருளைக்குள் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் முனையில் நின்று, திசை மாறி, மீண்டும் விரைவெடுக்க வேண்டும். அந்த நேர்க்கோட்டு அசைவை வளைதண்டு சுழற்சியாக மாற்றுகிறது. காற்று வரவும் புகை போகவும் திறந்து மூடும் அடைப்பிதழ்கள் வேண்டும். அவற்றை இயக்க இன்னொரு தண்டும் சுருள்வில்களும் வேண்டும். சுழல் எந்திரத்தில் இவை எவையும் இல்லை. நிலக்கடலைத் தோட்டைப் போல நடுவில் சற்றே இடுங்கிய நீள்வட்ட உறை. அதற்குள், பக்கங்கள் வெளிப்புறம் புடைத்த ஒரு முக்கோணச் சுழலி. முக்கோணத்தின் மூன்று முனைகளும் எந்நேரமும் உறையின் சுவரைத் தொட்டுக்கொண்டே நகர்வதால், சுவருக்கும் சுழலிக்கும் இடையே மூன்று தனி அறைகள் அமைகின்றன. சுழலி நகர நகர ஒவ்வோர் அறையும் விரிந்து, சுருங்கி, மீண்டும் விரிந்து, சுருங்குகிறது. முதல் விரிவில் காற்றும் எரிபொருளும் உள்ளே வருகின்றன. முதல் சுருக்கத்தில் அவை அமுக்கப்படுகின்றன. தீப்பொறி பட்டு எரிந்து விரியும்போது சுழலியைத் தள்ளுகின்றன. இரண்டாம் சுருக்கத்தில் புகையாய் வெளியேறுகின்றன. காற்று வரும் துளையையும் புகை போகும் துளையையும் சுழலியே கடந்து செல்கையில் திறக்கிறது, மூடுகிறது.

சுழலி ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு சுற்றுவதில்லை. அதன் நடுவே ஓடும் தண்டின் மேடு, தண்டின் மையத்திலிருந்து விலகி நிற்கிறது. அந்த மேட்டின்மேல் அமர்ந்து சுழலி தானும் சுற்றி, தன் மையத்தையும் ஒரு சிறு வட்டத்தில் சுற்றவைக்கிறது. சுழலியின் உட்புறப் பல்வரிசைக்கும் அது தழுவி ஓடும் அசையாப் பல்சக்கரத்துக்கும் பற்களின் விகிதம் 3க்கு 2. ஆதலால் சுழலி ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் தண்டு மூன்று முறை சுற்றிவிடுகிறது. சுழலியின் ஒரு சுற்றில் மூன்று பக்கங்களிலும் ஒவ்வோர் எரிதல் என மூன்று. எனவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எரிதல். ஒற்றை உருளை கொண்ட நாலடி எந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஓர் எரிதல்தான். உந்துதண்டில் ஒரு செயல்கட்டம் தண்டின் 180 பாகையில் முடிந்துவிட, இங்கே 270 பாகை நீடிக்கிறது. நின்று திரும்பும் எடை எதுவும் இல்லாததால் அதிர்வு மிகக் குறைவு. சிறிய உடலில் பெரிய ஆற்றல், பட்டுப்போன்ற ஓட்டம் என்று இதனை ஓட்டியோர் சொல்வதெல்லாம் இந்த எண்களிலிருந்து பிறப்பவை.

அறையின் கொள்ளளவைக் காணும் வாய்பாடும் அழகானது. சுழலியின் மையத்திலிருந்து முனைவரை உள்ள நீளத்தையும், மேட்டின் விலகலையும், சுழலியின் அகலத்தையும் பெருக்கி, மூன்றின் வர்க்கமூலத்தின் மும்மடங்கால் மீண்டும் பெருக்கினால் போதும். மாஸ்டாவின் முதல் சுழல் எந்திரத்தில் இவ்வளவுகள் முறையே 105, 15, 60 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 491 கன சென்டிமீட்டர் வருகிறது. பின்னாளில் அகலத்தை மட்டும் 70 ஆக்கியபோது 573, 80 ஆக்கியபோது 654. ஒரே வளைவை வைத்துக்கொண்டு தடிமனை மட்டும் கூட்டிக் கூட்டி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் எந்திரம் வடித்தனர். உறையின் வளைவைத் துல்லியமாகக் கடையும் கருவிகளை அமைப்பது எவ்வளவு அரிது என்பதை அறிந்தோர்க்கு அந்தச் சிக்கனம் விளங்கும்.

இத்தனை எளிமைக்கும் விலை ஒன்று உண்டு. அது சுழலியின் மூன்று முனைகளில் பதுங்கியிருந்தது.

உந்துதண்டைச் சுற்றியுள்ள வளையங்கள் வட்ட உருளையின் சுவரில் ஒரே நிலையில் தழுவி நிற்கும். எண்ணெய்ப் படலம் அவற்றைக் காக்கும். முக்கோணத்தின் முனையிலோ, சில மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஓர் உலோகப் பட்டை மட்டுமே சுவரைத் தொடுகிறது. தொடுவதும் ஒரு கோட்டளவே. அந்தப் பட்டைதான் முனையடைப்பு. ஒருபுறம் எரியும் வளி, மறுபுறம் குளிர்ந்த புதுக்காற்று. இரண்டையும் பிரிப்பது அந்தக் கோடு. மேலும் உறை வட்டமன்று. ஆகவே முனையடைப்பு சுவருக்குச் செங்குத்தாக எப்போதும் நிற்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 25 பாகைவரை சாய்கிறது. அதன் வேகமும் நிலையானதன்று. தண்டு நிமிடத்துக்கு 6000 சுற்று சுழலும்போது, மேற்சொன்ன அளவுகளின்படி கணக்கிட்டால், முனையின் வேகம் நொடிக்கு 13 மீட்டர் அளவுக்குத் தணிந்தும் 31 மீட்டர் அளவுக்கு உயர்ந்தும் மாறிக்கொண்டே இருக்கிறது. அழுத்தமும் ஒருகால் முன்பக்கமிருந்து, ஒருகால் பின்பக்கமிருந்து வருகிறது. சாய்ந்து, விரைந்து, தணிந்து, இருபுறமும் அடிபட்டு, அப்போதும் கசியாமல் இருக்கவேண்டிய பட்டை அது. எந்திரவியலில் இதைவிடக் கடுமையான பணி பெற்ற சிறு உறுப்பு வேறொன்றை நான் அறியேன்.

என்எஸ்யூவிடமிருந்து வந்த எந்திரத்தையும் தாமே செய்த முதல் எந்திரங்களையும் தொடர்ந்து ஓட்டியபோது, உறையின் உட்சுவரில் அலையலையாய்க் கோடுகள் விழுந்தன. முனையடைப்பு சுவரோடு ஒட்டி நழுவாமல் துள்ளித் துள்ளிச் சென்றதன் தழும்புகள் அவை. ஹிரோஷிமாவின் பொறியாளர்கள் அவற்றைப் பேயின் நகக்கீறல் என்றழைத்தனர். தழும்பு விழுந்ததும் வளி கசியும், ஆற்றல் வீழும், எந்திரம் நிற்கும்.

1963இல் சுழல் எந்திர ஆய்வுக்கெனத் தனித்துறை அமைத்து, அதன் தலைமையை கெனிச்சி யாமாமோட்டோவிடம் ஒப்படைத்தனர். டோக்கியோவில் பயின்ற பொறியாளர் அவர். போர் முடிந்த மறு ஆண்டு ஹிரோஷிமாவுக்கு வந்தவர், தொழிற்சாலையில் பல்சக்கரப் பெட்டிகளைப் பூட்டும் தொழிலாளராகவே பணியைத் தொடங்கினார். அவருடைய தங்கை அணுகுண்டுக்குப் பலியானவர். அவர் கீழ் சேர்க்கப்பட்ட பொறியாளர்கள் 47 பேர். தம் தலைவனுக்காக உயிர் துறந்த 47 சாமுராய் வீரர்களின் கதையை அறியாத ஜப்பானியர் இல்லையாதலால், அந்த எண்ணிக்கையே இவர்களுக்குப் பெயராயிற்று.

அவர்கள் முனையடைப்புக்கு ஆய்ந்து பார்க்காத பொருள் இல்லை எனலாம். பலவகை இரும்புகள், கரிமக் கலவைகள் முதலியவற்றோடு குதிரை எலும்பையும் மாட்டெலும்பையும்கூடச் செதுக்கிப் பொருத்தி ஓட்டினர். படிப்போர்க்கு இது மயக்கமாகத் தோன்றலாம். ஆனால் நுண்துளைகள் உள்ள, இலேசான, தானே சற்று மசகு தரக்கூடிய பொருள் ஒன்றைத் தேடுவோர் எலும்பிடம் செல்வதில் ஒரு முறைமை இருக்கிறது. திருப்பம் வந்தது பொருளை மாற்றியதால் மட்டுமன்று, இயற்பியலைக் கண்டுகொண்டதால். ஒவ்வொரு பட்டைக்கும் தனக்கே உரிய அதிர்வெண் ஒன்று உண்டு. சுவரோடு உராயும்போது எழும் அதிர்வு அதனோடு ஒத்துப்போனால் பட்டை துள்ளத் தொடங்கும். பட்டையின் முனைக்கு அருகே குறுக்கும் நெடுக்குமாகத் துளைகளைக் குடைந்து அந்த அதிர்வெண்ணை மாற்றியபோது நகக்கீறல்கள் மறைந்தன. ஆய்வுக்கூடத்தில் நோயின் காரணம் தெளிந்துவிட்டது. துளையிட்ட இரும்பு விற்பனைக்குரிய எந்திரத்துக்கு ஏற்றதாக இல்லாமையால், நிப்பான் கார்பன் என்னும் நிறுவனத்தோடு சேர்ந்து, கரிமத்தினுள் அலுமினியத்தைச் செலுத்திய ஒரு கலப்புப் பொருளை உருவாக்கினர். வன்மையும் மென்மையும் ஒருங்கே வாய்த்த அந்தப் பட்டை குரோமியம் பூசிய சுவரின்மேல் வழுக்கி ஓடியது.

இன்னும் இரண்டு இடர்கள் இருந்தன. எண்ணெய் எரியறைக்குள் கசிந்து வண்டியின் பின்னே வெண்புகையாய்க் கிளம்பியது. அதற்கெனத் தனி எண்ணெயடைப்பு வளையங்களை வடித்தனர். குறைந்த வேகத்தில் எந்திரம் குலுங்கியது. காற்று வரும் துளையை உறையின் வளைசுவரிலிருந்து பக்கச்சுவருக்கு மாற்றியும், ஒரு சுழலிக்கு மாற்றாக இரண்டு சுழலிகளை ஒரே தண்டில் பூட்டியும் அதனை அடக்கினர்.

1967 மே 30ஆம் நாள் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. தலா 491 கன சென்டிமீட்டர் கொண்ட இரு சுழலிகள், 110 குதிரைத்திறன். 1972வரை உருவானவை 1176 வண்டிகளே; அதனால் பணம் வந்திருக்க வழியில்லை. ஆனால் விற்பனைக்கு வந்த மறு ஆண்டே ஜெர்மனியின் நூர்பர்கிரிங் ஓடுகளத்தில் 84 மணி நேரம் இடைவிடாமல் நடந்த நெடும்பந்தயத்தில் இரண்டு காஸ்மோக்கள் இறங்கின. ஒன்று 82ஆம் மணியில் அச்சு பழுதாகி நின்றது. மற்றொன்று நான்காவதாக வந்து முடித்தது. நின்ற வண்டியிலும் நோய் எந்திரத்தில் இல்லை. இந்த எந்திரம் நீடிக்காது என்ற பேச்சுக்கு, அது பிறந்த நாட்டிலேயே விடை கிடைத்தது.

என்எஸ்யூவின் கதி வேறு. அதே 1967இல் அந்நிறுவனம் ஆர்ஓ 80 என்னும் மகிழுந்தை வெளியிட்டது. காற்றைக் கிழித்துச் செல்லும் அதன் வடிவம் காலத்தை முந்தியது. ஐரோப்பாவின் சிறந்த மகிழுந்து என்ற பரிசும் அதற்குக் கிடைத்தது. ஆனால் அதன் முனையடைப்புகள் விரைவில் தேய்ந்தன. எந்திரம் எந்திரமாக இலவசமாய் மாற்றிக் கொடுத்தே அந்நிறுவனம் இளைத்தது. 1969இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் அடங்கியது. கண்டுபிடித்தவர் கையில் முதிராமல் சந்தைக்குச் சென்ற ஒன்று, கற்றுக்கொண்டவர் கையில் முதிர்ந்து சென்றது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது. ஜப்பானியரின் திறமையைவிட அவர்களுடைய பொறுமையையே இது காட்டுகிறது.

முனையடைப்பைத் திருத்தலாம், எரியறையின் வடிவத்தைத் திருத்த முடியாது. தீப்பொறி பாயும் நேரத்தில் உந்துதண்டு எந்திரத்தின் எரியறை தட்டையான சிறு வட்டமாகச் செறிந்திருக்கும். சுழல் எந்திரத்திலோ அது நீண்டு மெலிந்த பிறைபோல் சுவரோரம் கிடக்கும். கிடப்பதோடு நகர்ந்துகொண்டும் இருக்கும். அடங்கியுள்ள வளியின் அளவை நோக்கச் சுவரின் பரப்பு மிகுதி. ஆகவே வெப்பம் சுவருக்குள் வீணாக ஓடுகிறது. நடுவில் தோன்றும் சுடர் பிறையின் வால்வரை சென்று சேருமுன் குளிர்ந்து அவிகிறது. ஒரு சுழலிக்கு இரண்டு தீப்பொறிச் செருகிகள் வைத்தது இதை ஓரளவு ஈடுகட்டவே. எரியாமல் எஞ்சிய ஹைட்ரோகார்பன்கள் புகையோடு வெளியேறுகின்றன. எரிபொருளும் மிகுதியாகச் செலவாகிறது. அசையும் உறுப்புகளைக் குறைத்த அதே வடிவம், அதிர்வை ஒழித்த அதே வளைவு, எரிதலைக் கெடுக்கிறது.

1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியபோது, இந்த எந்திரத்தின் கதை முடிந்ததென்று பலரும் கருதினர். மாஸ்டாவின் பொறியாளர்கள் குறையையே கருவியாகக் கொண்டனர். எரியறையின் வெப்பம் குறைவாக இருப்பதால், பிற எந்திரங்களைத் தொல்லைப்படுத்தும் நைட்ரசன் ஆக்சைடுகள் இதில் இயல்பாகவே குறைவு. எரியாமல் வெளிவரும் ஹைட்ரோகார்பன்களையோ, புகைக்குழாயின் தொடக்கத்தில் ஒரு வெப்பக் கலத்தை வைத்து, அதில் புதுக்காற்றைச் செலுத்தி, அங்கேயே எரித்துவிட்டனர். எவராலும் எட்ட முடியாதென்று அமெரிக்கப் பெருநிறுவனங்கள் முறையிட்ட 1975ஆம் ஆண்டின் வரம்பை 1973இலேயே மாஸ்டா எட்டிக் காட்டியது. ஆனால் அந்த வெப்பக் கலம் எரிந்துகொண்டே இருக்கப் புகையில் எரிபொருள் மிகுந்திருக்க வேண்டும். தூய்மைக்குக் கொடுத்த விலை பெட்ரோல்.

அதே 1973 அக்டோபரில் மேற்காசியப் போர் மூண்டது; எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட எரிபொருள் அளவுகளில் மாஸ்டாவின் சுழல் வண்டிகள் பெருவண்டிகளுக்கு நிகராகக் கீழே நின்றன. அமெரிக்காவில் அவற்றின் விற்பனை ஓராண்டில் ஏறத்தாழப் பாதியாயிற்று. தொழிற்சாலை முற்றங்களில் வண்டிகள் தேங்கின. சுமிட்டோமோ வங்கி கைகொடுத்தது. அதன் ஆட்கள் நிர்வாகத்தில் வந்தமர்ந்தனர். தொழிற்சாலைப் பணியாளர் ஆயிரக்கணக்கானோர் வேலைநீக்கம் செய்யப்படாமல் நாடெங்கும் உள்ள விற்பனையகங்களுக்கு அனுப்பப்பட்டனர். கருவி பிடித்த கைகள் வீடு வீடாகச் சென்று வண்டி விற்றன. ஹிரோஷிமாவின் வணிகர்கள் ஊர்ப்பற்றின் பெயரால் ஒன்றுகூடி, வாங்கினால் மாஸ்டா வாங்குவோம் என்று இயக்கம் நடத்தினர். அந்த நெருக்கடிக்கு நடுவே 1975ஆம் ஆண்டில்தான், மட்சுடா குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்த ஹிரோஷிமா தோயோ கார்ப் என்னும் பேஸ்பால் அணி தன் முதல் பட்டத்தை வென்றது. அந்த ஊரார்க்கு அது வெறும் ஆட்டமாக இருந்திருக்காது.

பிற நிறுவனங்கள் இதே நேரத்தில் ஒவ்வொன்றாக விலகின. ஜெனரல் மோட்டார்ஸ் தன் திட்டத்தைக் கைவிட்டது. டைம்லர் பென்ஸின் சி111 ஆய்வு வண்டியாகவே நின்றது. சித்ரோயென் 1973இல் வெளியிட்ட சுழல் எந்திர ஜிஎஸ் வண்டிகளை வாங்கியோரிடமிருந்தே திரும்ப விலைக்கு வாங்கிப் பெரும்பாலும் உடைத்தது. மாஸ்டாவிலும் அப்படி ஒரு முடிவெடுக்க எல்லாக் காரணங்களும் இருந்தன. யாமாமோட்டோவும் அவர் குழுவினரும் எரிபொருள் செலவை நாற்பது விழுக்காடு மேம்படுத்துவதென ஓர் இலக்கு வைத்து, சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவையின் பெயரை அத்திட்டத்துக்கு இட்டனர். ஹிரோஷிமாவில் அந்தப் பெயருக்குத் தனிக்கனம் உண்டு. அடைப்புகள் செம்மையாயின, வெப்பக் கலத்துக்குப் புகையின் வெப்பத்தைக்கொண்டே சூடான காற்று ஊட்டப்பட்டது, எரிபொருள் கலவை மெலிந்தது.

1978இல் ஆர்எக்ஸ்-7 வந்தது. இங்கேதான் அவர்கள் தங்கள் எந்திரத்தின் இயல்பைச் சரியாகப் படித்தார்கள் என்பேன். குடும்ப வண்டிக்கும் சரக்குந்துக்கும் பேருந்துக்கும் பொருத்திப் பார்த்த எந்திரம் உண்மையில் விரைவு வண்டிக்கு உரியது. சிறியதும் இலேசானதுமான அதனை முன்னச்சுக்குப் பின்னால் தாழ்வாக அமர்த்த முடிந்தது, எடை வண்டியின் நடுவே திரண்டது, மூக்கு தாழ்ந்தது. வளைவுகளில் அந்த வண்டி திரும்பும் நேர்த்தியைப் பெரும்பணம் கொடுத்து வாங்கும் ஐரோப்பிய வண்டிகளோடு ஒப்பிட்டனர். மூன்று தலைமுறைகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்எக்ஸ்-7 வண்டிகள் விற்றன. யாமாமோட்டோ 1984இல் நிறுவனத்தின் தலைவரே ஆனார். 2017இல், தம் 95ஆம் அகவையில் மறைந்தார்.

நம் பக்கத்தில் மாஸ்டாவின் பெயர் வேறு வழியில் வந்தது. பஞ்சாபில் 1980களில் தொடங்கிய கூட்டுத்தொழிலில் பிறந்த ஸ்வராஜ் மாஸ்டா சிறு பேருந்துகளையும் சரக்குந்துகளையும் கண்ட தமிழ்நாட்டார்க்கு, அதே பெயரின் பின்னே ஒரு முக்கோணத்தின் வரலாறு இருப்பது தெரிய வாய்ப்பில்லை.

1991 சூன் 22, 23 நாள்களில் பிரான்சின் லெ மான் ஓடுகளத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயம் அந்த வரலாற்றின் உச்சி. ஃபோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்த்ராண் கஷோ ஆகிய மூவர் மாறி மாறி ஓட்டிய 55ஆம் எண் கொண்ட மாஸ்டா 787பி, 362 சுற்றுகள் முடித்து முதலிடம் பெற்றது. ஜப்பானிய வண்டி ஒன்று அங்கே வென்றது அதுவே முதன்முறை. உந்துதண்டு இல்லாத எந்திரம் அங்கே வென்றதும் அதுவே முதன்முறை. நான்கு சுழலிகள், 2.6 லிட்டர், ஏறத்தாழ 700 குதிரைத்திறன். முனையடைப்புகள் பீங்கான் வகைப் பொருளால் ஆனவை. ஒவ்வொரு சுழலிக்கும் மூன்று தீப்பொறிச் செருகிகள். காற்றுக்குழாய்களின் நீளம் எந்திரத்தின் வேகத்துக்கேற்பத் தானே நீண்டும் குறுகியும் மாறியது. விதிமுறைப்படி அந்த வண்டிக்குக் குறைந்த எடையில் ஓட இசைவு கிடைத்திருந்ததையும், முன்னணியில் ஓடிய மெர்சிடிஸ் பழுதாகி நின்றதையும் மறைக்க வேண்டியதில்லை. 24 மணி நேரப் பந்தயத்தில் பழுதாகாமல் இருப்பதுதான் வெற்றி. நெடுநேரம் ஓட்டித் தளர்ந்த ஹெர்பர்ட் நீரிழப்பால் சாய்ந்து, வெற்றி மேடையில் ஏறவும் இயலாமல் போனார். மறு ஆண்டு முதன்மை வகுப்பில் 3.5 லிட்டர் உந்துதண்டு எந்திரங்களுக்கே இடம் என்று விதி மாறியது. அடுத்த ஜப்பானிய வெற்றிக்கு, டொயோட்டா வெல்லும் 2018வரை, காத்திருக்க நேர்ந்தது.

ஒரு நிறுவனத்தின் நற்பெயர் இத்தகைய உச்சிகளால் மட்டும் நிற்பதில்லை. 1989இல் வெளிவந்த எம்எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் திறந்த வண்டி சாதாரண உந்துதண்டு எந்திரத்தோடு வந்து, அவ்வகையில் உலகிலேயே மிகுதியாக விற்றதாயிற்று. ஃபோர்டு நிறுவனம் பங்குகளை வாங்கி நெடுங்காலம் உடனிருந்து 2015க்குள் முற்றிலும் விலகியது. அந்த விலகலின் நடுவே, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரே 14க்கு 1 என்னும் அமுக்க விகிதத்தை வைத்து எந்திரம் வடித்தனர். பெட்ரோலுக்கு அது வழக்கத்தைவிட மிக உயர்வு. முன்சுற்றின் சூடான புகை எரியறையில் தங்கினால் கலவை நேரத்துக்கு முன்பே வெடிக்கும். புகைக்குழாய்களை நீட்டி, நான்கை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி அந்தப் புகையை வெளியே இழுத்தனர். டீசலுக்கு அதே 14 வழக்கத்தைவிடத் தாழ்வு. எரியுமுன் காற்றும் எரிபொருளும் நன்கு கலக்க நேரம் கிடைத்து, கரியும் நைட்ரசன் ஆக்சைடும் குறைந்தன. பிறர் மின்கலங்களை நோக்கி ஓடிய காலத்தில் எரிதலின் அடிப்படையை மீண்டும் எடுத்துப் படித்த இந்தத் துணிவு, சுழல் எந்திரத்திடம் கற்றது என்றே எண்ணுகிறேன். அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2020இல் நம்பகத்தன்மையில் மாஸ்டாவுக்கு முதலிடம் தந்தது.

சுழல் எந்திரத்தின் கடைசிப் பெருவண்டி 2003இல் வந்த ஆர்எக்ஸ்-8. புகைத்துளையையும் பக்கச்சுவருக்கு மாற்றியதால், காற்றுத்துளையும் புகைத்துளையும் ஒருங்கே திறந்திருக்கும் நேரம் ஒழிந்து, எரியாத எரிபொருள் வெளியே நழுவுவது குறைந்தது. ஆயினும் ஐரோப்பாவின் புகை விதிகள் மேலும் இறுகின. 2012இல் அதன் உற்பத்தி நின்றது. இடையில் ஹைட்ரசனை எரித்தோடும் ஆர்எக்ஸ்-8 வண்டிகளையும் 2006 முதல் ஜப்பானில் வாடகைக்குத் தந்தனர். உந்துதண்டு எந்திரத்தில் ஹைட்ரசன் உள்ளே வரும் இடமும் எரியும் இடமும் ஒன்றே. சூடான உறுப்புகள் பட்டு அது முன்னதாகவே பற்றிக்கொள்ளும். சுழல் எந்திரத்திலோ உறிஞ்சும் இடம் ஒருபுறம், எரியும் இடம் மறுபுறம். இதுவரை குறையாய் இருந்த நீண்ட வடிவம் இங்கே வரமாயிற்று.

2023இல் எம்எக்ஸ்-30 ஆர்-இவி வண்டியில் சுழலி மீண்டும் வந்தது. இம்முறை அது சக்கரங்களைச் சுழற்றவில்லை. 17.8 கிலோவாட் மணி மின்கலம் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் ஓட்டும். அது குறையும்போது 830 கன சென்டிமீட்டர் கொண்ட ஒற்றைச் சுழலி எந்திரம் மின்னாக்கியைச் சுழற்றி மின்சாரம் தரும். மையத்திலிருந்து முனைவரையுள்ள நீளம் 120 மில்லிமீட்டர் ஆயிற்று, அகலம் 76. பழைய வளைவை முழுதும் விட்டுப் புதிதாக வரைந்தனர். எரிபொருளை நேரே எரியறைக்குள் தெளித்தனர். வேகமெடுக்கவும் தணியவும் வேண்டாத பணி இது. எந்திரம் தனக்கு உகந்த வேகத்தில் நின்று ஓடலாம். மின்னோடியின் பக்கத்தில் மிகச் சிறிய இடத்தில் அதிர்வின்றி அமரலாம். சிறுமையும் அமைதியும் இங்கே முழுமையாகப் பயன்படுகின்றன. பிறைவடிவ எரியறையின் வெப்ப இழப்பு மட்டும் முன்போலவே இருக்கிறது. மின்கலம் தீர்ந்தபின் நெடுஞ்சாலையில் ஓடும் அவ்வண்டி சிக்கனமானது என்று சொல்லிவிட முடியாது. 2024இல் மாஸ்டா சுழல் எந்திரத்துக்கெனத் தனிக் குழுவை மறுபடி அமைத்தது. அக்குழுவின் முன் உள்ள வினா, புகை விதிகளை நிறைவு செய்துகொண்டே இந்த எரியறையில் சுடரை வால்வரை கொண்டுசெல்வது எப்படி என்பதே.